போரில் இறந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நினைவுக் குழு: திருகோணமலையில் தொடங்கி நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

1983 இல் மூண்டு 2009 மே மாதம் முடிந்த போரில் ஆயுதம் தாங்கி இறந்த ஒருவரேனும் இல்லாத ஊரைத் திருகோணமலை மாவட்டத்தில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் ஏதாவது ஓர் ஊருக்குப் போய், இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒருவர் பத்துப் பெயர் சொல்வார். இன்னொருவர் அவற்றில் இரண்டை மறுத்து, வேறு மூன்றைச் சேர்ப்பார். போராளிகளை அடக்கம் செய்த துயிலும் இல்லங்கள் இடித்து நிரவப்பட்டபோது கல்லறைகளில் இருந்த எழுத்தும் போய்விட்டது. பிள்ளை பிறந்த நாளையும் இறந்த நாளையும் ஒருசேர அறிந்த தாய்மாருக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

ஊருக்கு ஊர் நினைவுக் குழு வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் குழுவின் முதல் வேலை பெயரேடு. தூண், மேடை, சுடர் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். பெயர் சரியாக எழுதப்படாத ஊரில் எழுப்பும் தூண் யாருக்கு என்று பத்து வருடத்தில் எவருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதற்படி: யாருடைய பெயர் ஏடேறும்?

இதைத் தீர்மானிக்காமல் தொடங்கிய குழுக்கள் இரண்டாம் கூட்டத்திலேயே உடைந்துவிடும். எல்லையை இயக்கத்தை வைத்து வகுக்காமல் ஊரை வைத்து வகுப்பதே சரி. ஒரு கிராம உத்தியோகத்தர் பிரிவு, அல்லது அடுத்தடுத்த இரண்டு பிரிவுகள். அந்த எல்லைக்குள் பிறந்து அல்லது வாழ்ந்து, ஆயுதம் தாங்கிய நிலையில் இறந்த எவரும் ஏட்டில் இடம்பெற வேண்டும்.

விடுதலைப் புலிகளில் இருந்தவர்களின் பெயர்கள்தாம் பெரும்பாலான ஊர்களில் அதிகமாக இருக்கும். ஆனால் ரெலோ, ஈபிஆர்எல்எவ், புளொட், ஈரோஸ் ஆகிய மற்ற ஆயுத இயக்கங்களில் இருந்து இறந்தவர்களும் உண்டு. 1986 இல் இயக்கங்களுக்கு இடையே நடந்த மோதலில் இறந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு சுவரொட்டிகூட வந்ததில்லை. அந்தத் தாய்மார் நாற்பது வருடமாக வீட்டுக்குள்ளேயே அழுதிருக்கிறார்கள். அவர்களையும் விட்டுவிட்டால் நாம் ஊர்க்குழு இல்லை.

பொலிஸிலோ இராணுவத்திலோ ஊர்காவல் படையிலோ இருந்து இறந்தவர்கள் உங்கள் பிரிவில் இருந்தால், அவர்களின் குடும்பத்திடமும் போய்க் கேளுங்கள். விரும்பினால் சேருங்கள், மறுத்தால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் குடும்பங்களை அணுகும்போது பள்ளிவாசல் நிர்வாக சபையின் ஊடாகப் போவதுதான் மரியாதை. 2006 ஓகஸ்டில் மூதூரை விட்டு ஓடிய முஸ்லிம் மக்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நம் கதையைச் சொல்லப் போகுமுன் அதைக் கேட்கத் தயாராகப் போங்கள்.

பொதுமக்களாக இறந்தவர்களுக்கு அதே ஏட்டில் இரண்டாம் பகுதி ஒதுக்குங்கள். 1996 பெப்ரவரி 11 இல் குமாரபுரத்தில் கொல்லப்பட்டவர்களையும், 2006 ஜனவரி 2 இல் நகரக் கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களையும் போராளிகளின் பட்டியலில் கலப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. போராளி என்று சொல்லித்தான் பல கொலைகள் நியாயப்படுத்தப்பட்டன. அந்தப் பொய்க்கு நம் ஏடு துணைபோகக் கூடாது.

இரண்டாம் படி: ஆட்களும் பதிவும்

ஏழு முதல் ஒன்பது பேர் போதும். குறைந்தது மூன்று பேர் பெண்களாக இருக்கட்டும். மகனை இழந்த தாய் ஆண்களுக்கு முன்னால் சொல்வது வேறு, அடுப்படியில் இன்னொரு பெண்ணிடம் சொல்வது வேறு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கட்டாயம் வேண்டும்; எந்தப் பிள்ளை எந்த வகுப்போடு நின்றது என்று அவருக்குத்தான் தெரியும். சிங்களம் நன்றாகப் பேசவும் வாசிக்கவும் தெரிந்த ஒருவரும், கணினியில் பட்டியல் போடத் தெரிந்த இளையவர் ஒருவரும் இருந்தால் குழு முழுமை பெறும். அரசியல் கட்சியில் பதவி வகிப்பவர்களைச் செயற்குழுவில் சேர்க்காதீர்கள். உதவி செய்யட்டும், கையொப்பமிட வேண்டாம்.

பதிவுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும். நகரத்திலும் உப்புவெளியிலும் இருப்பவர்களுக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். தொண்டர் சமூக சேவை அமைப்புகளைப் பதிவுசெய்வதற்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருங்கள். யாப்பில் நோக்கத்தைச் சுருக்கமாக எழுதுங்கள்: ஊரில் போரினால் இறந்தவர்களை நினைவுகூர்தல், அவர்களின் குடும்பங்களின் நினைவுகளை ஆவணப்படுத்தல். இதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

பணம் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. வெளிநாட்டிலிருந்து அமைப்பு ஒன்றின் பெயரில் வரும் பணத்தை வாங்க வேண்டாம். புலம்பெயர் அமைப்புகள் சிலவற்றை அரசு வர்த்தமானி மூலம் தடைப்பட்டியலில் போட்டிருக்கிறது. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறும். ஊரில் சில்லறை சேர்த்தாலே ஏடும் விளக்கும் கஞ்சியும் நடக்கும். இரண்டு கையொப்பம் உள்ள வங்கிக் கணக்கு, ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு.

மூன்றாம் படி: உப்புவெளியில் ஒரு காலை

ஏடு எழுதப் போகும் இளையவர்களை முதலில் நிலாவெளி வீதியில் உள்ள உப்புவெளிப் போர்க்கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த இருநூறுக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1917 இல் தொடங்கப்பட்ட பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் அதைப் பராமரிக்கிறது. பாதையால் போகும்போது பச்சைப் புல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகிற நம்மவர்கள் பலர் உள்ளே காலடி வைத்ததே இல்லை.

ஒரு கல்லின் முன் இருந்து, அதில் இருப்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சேவை இலக்கம், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது. கீழே சில கற்களில் ஒரு வரி தனியாக இருக்கும். அது குடும்பம் எழுதிக் கொடுத்தது. இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது அந்த நாள் விதி. அதிகாரிக்கும் கடைசிச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். அந்த ஆணையம் தொடக்கத்திலேயே எடுத்த இந்த முடிவைக் கூட்டக் குறிப்பில் எழுதி, உங்கள் ஏட்டுக்கும் விதியாக்குங்கள். பெரிய தளபதிக்கு ஒரு பக்கம், பெயர் தெரியாத பொடியனுக்கு ஒரு வரி என்று நம் ஏட்டில் இருக்கக் கூடாது.

அங்கே சொல்லிக்கொடுக்க இன்னொன்றும் உண்டு. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. அதே நாளில் ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது; அதில் முந்நூறு பேர் வரை இறந்தார்கள். உடல் கடலோடு போனவர்களின் பெயர்கள் இங்கிலாந்தில் உள்ள கடற்படை நினைவுச்சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உடல் கிடைக்கவில்லை என்பதற்காக ஒரு பெயரும் விடப்படவில்லை. நம் ஊர்களிலும் கடலில் போய்த் திரும்பாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்தும் படிக்க வேண்டியது இருக்கிறது. 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போருக்குப் பின், வென்ற வடக்கின் இறந்த வீரர்களை அரசே தேடி எடுத்துத் தேசியக் கல்லறைகளில் அடக்கியது. தோற்ற தெற்கின் உடல்கள் வயல்களில் கிடந்தன. ஊர்ப் பெண்கள் சங்கம் அமைத்து, பணம் சேர்த்து, அவற்றைத் தேடி எடுத்துப் புதைத்தார்கள். வடக்கின் பழைய படைவீரர் சங்கம் 1868 மே 30 இல் எல்லாக் கிளைகளும் கல்லறைகளில் பூ வைக்க வேண்டும் என்று அறிவித்தது. அதிலிருந்துதான் அவர்களின் நினைவு நாள் வளர்ந்தது. அந்தச் சங்கத்தவரின் வழித்தோன்றல்கள் இன்றும் ஊர் ஊராகக் கல்லறைகளைப் பதிவுசெய்கிறார்கள். ஆனால் தெற்கில் பின்னாளில் எழுப்பிய சிலைகள் இறந்தவர்களை நினைப்பதோடு நிற்கவில்லை. போருக்குக் காரணமான அடிமைமுறையை மறைக்கும் கதை ஒன்றையும் தூக்கி நிறுத்தின. அந்தச் சண்டை இன்றுவரை ஓயவில்லை. நம் தரப்பில் நடந்த தவறுகளை மறைக்கும் வேலையை நம் ஏட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

நான்காம் படி: சட்டம்

இறந்தவர்களை நினைவுகூர்வதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. ஆனால் விடுதலைப் புலிகள் அமைப்பு தடைசெய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம், தலைமையின் படம் ஆகியவற்றைக் காட்டினால் 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் குறுக்கே வரும். நிகழ்வுக்கு முன் பொலிஸார் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 106 ஆம் பிரிவின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பது வழக்கம். 2024 மே மாதத்தில் சம்பூரில், போரின் இறுதி நாள்களை நினைவூட்டும் முள்ளிவாய்க்கால் கஞ்சியை வழங்கிய பெண்களைக் கைது செய்தார்கள். கஞ்சிக்கே இந்தக் கதி என்றால், ஆயத்தமில்லாமல் எதற்கும் இறங்கக் கூடாது.

நிகழ்வுக்கு இரண்டு வாரம் முன்னதாகப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் கொடுங்கள். அனுமதி கேட்கும் கடிதமாக அது இருக்க வேண்டாம். அறியத்தரும் கடிதமாக இருக்கட்டும். நாள், நேரம், இடம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் அதில் இருக்கட்டும். பிரதியில் பொலிஸ் நிலைய முத்திரையை வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி பெற வேண்டும். 2010 இல் அரசு நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவே, போரில் பாதிக்கப்பட்ட எல்லோருக்குமாகத் தேசிய தினத்தில் ஒரு நிகழ்வை ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

தடையுத்தரவு வந்தால் பதற்றப்படாமல் மூன்றைப் பாருங்கள்: யார் பெயருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு. உத்தரவைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். தடைசெய்யப்பட்ட சின்னங்கள் இல்லாமல் நினைவுகூரலாம் என்று நீதிமன்றங்கள் பலமுறை உத்தரவைத் திருத்தியிருக்கின்றன. முன்கூட்டியே பேசிவைத்த சட்டத்தரணி ஒருவர் இல்லாமல் குழு நடத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: வீடு வீடாகப் பெயர் திரட்டுவது

குழுவின் உயிர் இதில் இருக்கிறது. அவசரப்படாமல் செய்யுங்கள்.

இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பெண். முதல் நாள் கொப்பி திறக்க வேண்டாம். தேநீர் குடித்துவிட்டு, வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு, "யோசித்துச் சொல்லுங்கள் அம்மா" என்று எழும்பி வாருங்கள். மறுமுறை அவர்களே ஏதாவது எடுத்து வைத்திருப்பார்கள். கணவனோ மற்றப் பிள்ளைகளோ வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அரச வேலையில் இருக்கும் தம்பிக்குப் பிரச்சினை வரும் என்ற பயம் பொய்ப் பயம் இல்லை.

எழுத வேண்டியவை: இயற்பெயர், இயக்கப்பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த திகதி, படித்த பாடசாலை, ஊரை விட்டுப் போன ஆண்டு, இறந்த திகதி, இறந்த இடம், அடக்கம் செய்யப்பட்ட இடம். கடைசியாக, குடும்பம் சொல்ல விரும்பும் ஒரு வரி. பதவிநிலையை எழுத வேண்டாம். விருப்பத்தோடு போனாரா, பிடித்துக்கொண்டு போனார்களா என்பதைக் குடும்பம் சொன்னபடி சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொல்வதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

திகதி தெரியாத இடங்களில் தாய்மாரின் கணக்கைப் பிடியுங்கள். "வெருகல் திருவிழா முடிந்த கிழமை", "ஆடி அமாவாசைக்கு மறுநாள்", "பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்க" என்றுதான் சொல்வார்கள். திதி தெரிந்தால் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திகதி கண்டுபிடித்துவிடலாம். ஆட்டத்திவசம் கொடுக்கும் வீடுகளில் திதி பிழைக்கவே பிழைக்காது. உறுதியாகாததைப் பென்சிலால் எழுதுங்கள். பெயரின் எழுத்துக்கூட்டைப் பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைச் சேர்வுப் பதிவேட்டிலும், கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் சரிபாருங்கள்.

படம் கிடைப்பதுதான் பெரும்பாடு. சம்பூர்ப் பக்கத்து மக்கள் 2006 இல் வெருகல் வழியாக மட்டக்களப்புக்கு ஓடியவர்கள். பலருக்கு 2015, 2016 இல்தான் சொந்தக் காணியில் கால் வைக்க முடிந்தது. அந்த ஒன்பது, பத்து வருட முகாம் வாழ்க்கையில் படங்கள் போய்விட்டன. சீருடைப் படத்தை வைத்திருக்கப் பயந்து எரித்த வீடுகளும் உண்டு. அப்போது அக்காவின் சாமத்திய வீட்டு அல்பத்தைக் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சித்தியிடம் ஒரு பிரதி இருக்கும். மணவறைக்கு வலப்பக்கம், ஆட்களுக்குப் பின்னால், தட்டம் தூக்கிக்கொண்டு, புதுச் சேர்ட்டின் மடிப்புக் கலையாமல் ஒரு பொடியன் நிற்பான். அவன்தான். பகல் வெளிச்சத்தில், படத்தை மேசையில் தட்டையாக வைத்து, கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, தொலைபேசியால் எடுங்கள். படத்தை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது, ஒரு மணித்தியாலத்துக்குக்கூட. இப்படிக் கிடைக்கும் சாதாரண உடுப்புப் படம் சட்டச் சிக்கலுக்கும் இடம் வைக்காது.

காணாமலாக்கப்பட்டவர்களைத் தொடவே தொடாதீர்கள். தாய் ஒருத்தி 2017 முதல் திருகோணமலை வீதியோரத்தில் குந்தியிருந்து பிள்ளையைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, நாம் அவன் பெயரை இறந்தோர் ஏட்டில் எழுதினால் அது கொடுமை. இறந்துவிட்டான் என்று குடும்பமே சொல்லிக் கையொப்பமிட்டால் மட்டும் எழுதலாம்.

ஆறாம் படி: இடம்

ஆலங்குளத்தில் இருந்தது போன்ற துயிலும் இல்லக் காணிகளில் மக்கள் இன்றும் சுடரேற்றுகிறார்கள். ஆனால் அங்கே மண்ணைத் தோண்டுவதோ கல் நடுவதோ காணி யாருடையது என்று தெரியாமல் செய்யும் வேலை இல்லை. அரச காணியா, வனத் திணைக்களத்தின் பொறுப்பா, தனியார் உறுதிக் காணியா என்பதைத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இடம் கிடைக்கும்வரை கோயில் மண்டபம், வாசிகசாலை, ஒரு வீட்டு முற்றம் போதும். குடும்பத்துக்கு ஒரு மரக்கன்று கொடுப்பதும் நல்ல வழி. வடகீழ்ப் பருவமழை பிடிக்கும் நேரத்தில் நட்டால் தண்ணீர் ஊற்றத் தேவை இல்லை.

ஏழாம் படி: நினைவு நாள்

மாவீரர் நாளான நவம்பர் 27 உம் முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18 உம் ஏற்கெனவே மக்களின் நாள்கள். முன்னதில் மாலை 6.05 க்கு மணி ஒலிப்பதும் சுடரேற்றுவதும் வழமை. அவற்றைக் குடும்பங்களிடமே விட்டுவிட்டு, ஊரின் பெரிய இழப்பு நேர்ந்த நாள் ஒன்றைக் குழுவின் நாளாக எடுங்கள் என்பேன். வேறு இயக்கத்தில் இருந்தவரின் வீட்டாரும், பொலிஸில் இருந்தவரின் வீட்டாரும் அந்த நாளுக்குத் தயங்காமல் வருவார்கள். கோணேஸ்வரத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே போகும் நாளின் மாலையும் பொருத்தமானது.

நிகழ்ச்சி ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வயதில் மூத்த தாய் முதல் விளக்கை ஏற்றுவார். அகவணக்கம். பிறகு பெயர் வாசிப்பு: அகரவரிசையில், இயற்பெயரால், தாய் தந்தையர் பெயரோடு, பாடசாலைப் பிள்ளைகள் இருவர் மாறி மாறி. ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டார் எழுந்து விளக்கேற்றட்டும். வீட்டார் இல்லாத பெயருக்குக் குழுவில் ஒருவர் எழும்ப வேண்டும், அதை முன்பே பங்கிட்டுவிடுங்கள். மேடை வேண்டாம், உரை வேண்டாம். பாராளுமன்ற உறுப்பினர் வந்தால் மற்றவர்களோடு இருக்கட்டும்.

சின்னச் சின்னத் தேவைகள் பல உண்டு. வாசிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் ஒத்திகை கொடுங்கள். ஒரு தாயின் முன்னால் பெயரைத் தப்பாக வாசித்துவிட்டால் அதற்கு மன்னிப்பே இல்லை. நவம்பரில் என்றால் தரப்பாள் கட்டாமல் விளக்கு நிற்காது. முதியவர்களுக்குக் கதிரையும், வீட்டுக்குக் கொண்டுபோய் விட முச்சக்கரவண்டியும் ஒழுங்கு செய்யுங்கள். கஞ்சிக்கு அரிசி, தண்ணீர், உப்பு போதும்.

எட்டாம் படி: ஏட்டைக் காப்பது

மூன்று பிரதிகள் வேண்டும். கெட்டி அட்டைக் கையெழுத்து ஏடு ஒன்று, அச்சுப் பிரதி ஒன்று, கணினிப் பிரதி ஒன்று. மூன்றும் மூன்று வீட்டில் இருக்கட்டும்; குறைந்தது ஒன்று வெள்ளம் ஏறாத மேட்டுநில வீட்டில். உயிரோடு இருக்கும் உறவினரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கையெழுத்து ஏட்டைத் தவிர வேறெதிலும் வரக் கூடாது. முகநூலில் பட்டியலைப் போடாதீர்கள். பழைய இயக்கப் படங்களைப் பகிர்ந்ததற்காகக் கைதானவர்கள் இருக்கிறார்கள்.

குடும்பங்களின் எழுத்துச் சம்மதம் கிடைத்த பகுதியை, 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்திடம் ஒப்படைப்பது பற்றிப் பேசலாம். சம்மதக் கடிதத்தில் "இப்போது வெளியிடலாம்", "என் காலத்துக்குப் பிறகு வெளியிடலாம்", "வெளியிட வேண்டாம்" என்று மூன்று தெரிவுகள் வையுங்கள். இரண்டாவதைத் தெரிவுசெய்பவர்கள்தாம் அதிகம் இருப்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, நினைவு நாளுக்கு ஒரு மாதம் முன்னதாக, ஏட்டைத் திறந்து பென்சில் எழுத்துகளைப் பாருங்கள். உறுதியானதை மையால் எழுதி, திகதியிட்டு, இருவர் கையொப்பமிடுங்கள். வயது எண்பதைத் தாண்டிய தாய்மாரின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி, அடுத்த கிழமை அந்த வீடுகளுக்கு முதலில் போங்கள்.